இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

மழை விட்ட மறுவாரம்
நிலைக்காலை விரலால் தட்டினேன்
முறுக்கு மாதிரி உதிர்ந்தது.
கரையான்.
இத்தனை நாளும் பெயின்ட் மட்டும் நின்றிருக்கிறது
மரம் என்று பேர் வைத்துக்கொண்டு.

வேம்பு நிலை என்ன விலை என்று
செவ்வாய்ப்பேட்டையில் விசாரித்து வந்தவர்
பேசாமல் சோறு தின்றார்.
மாதையன் மேஸ்திரிதான் சொன்னார்:
"கதவே வேண்டாங்க, ஆர்ச் வச்சிருவோம்.
சிமெண்டைக் கரையான் திங்காது."

ஜாகீர் அம்மாபாளையத்தில் வீடு.
சுண்ணாம்புக்கரட்டிலிருந்து வெள்ளைத்தூள் வரும்,
கறுப்புத் துணி தைக்கிற நாளில்
ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.
முன்னறையில் என் மிஷின்.
உள்ளறையில் அவர் கட்டில்.
உருக்காலையில் இரவு ஷிப்ட்,
பகலெல்லாம் தூக்கம்.
நடுவே அந்தக் கதவு.
இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உண்டு அதற்கு.
பேச்சில்லாத நாட்களில்
யார் பக்கத்துத் தாழ் என்பதுதான் கணக்கு.

நிலையைப் பெயர்த்தபோது
சுவரில் ஒரு பல் விழுந்த வாய்.
மேலே ஏழடியில் லிண்டல்,
அதைத் தொடக்கூடாது.
மேஸ்திரி ஆணியடித்து நூல் கட்டி
பிளைவுட்டில் அரைவட்டம் இழுத்தார்.
பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது
பானைக் கழுத்து.
ஓரமாய் நடந்தால் ஆறடி சித்தேஸ்வரனுக்கு
நெற்றி இடிக்கும்.

"கொஞ்சம் இருங்க" என்று
பிரவுன் ஷீட்டை இரண்டாய் மடித்தேன்.
ஏற்றம் பத்து இஞ்ச் போதும்.
பாதியை மட்டும் வரைந்தேன்
கத்திரியை ஓட்டினேன்
விரித்தால் முழு வளைவு.
மேஸ்திரி அதைத் தூக்கி
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்,
கள்ள நோட்டைப் பார்ப்பது போல.

"காயிதம் சரிங்க, சுவரு சரியில்லையே"
தூக்குக்குண்டு ஆடி அடங்கியது.
இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கம்.

ரெஜினா டீச்சருக்கும் அப்படித்தான்.
இடது தோள் அரை இஞ்ச்.
பதினெட்டு வருஷமாய் அவரிடம் சொன்னதில்லை,
அளவு நோட்டில் மட்டும் எழுதியிருக்கிறேன்.
நேர்த் தோளுக்குத் தைத்தால்
ஜாக்கெட்டுக்குத்தான் கெட்ட பேர்.
சாக்பீசால் காகிதத்தில்
இடப்பக்கத்தை அரை இஞ்ச் இறக்கிக் கொடுத்தேன்.
மேஸ்திரி என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
இலியாசைக் கூப்பிட்டு
"இந்தக் கோட்டுலயே அறுடா" என்றார்.

இரு முகத்துக்கும் பிளைவுட்,
அடிவயிற்றுக்குக் கோழிவலை,
அதன் மேல் கலவை.
கரணை வளைவில் போய்த் திரும்பும்போதெல்லாம்
என் கால் பெடலை மிதித்தது, மிஷின் இல்லாமலே.

பூச்சு காய்ந்த பிறகுதான்
பீரோ ஞாபகம் வந்தது.
ஆறரை அடி. உள்ளே நிற்கிறது.
மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்:
"இனிமே படுக்க வச்சுத்தாங்க வெளிய எடுக்கணும்."
"நம்மளையும் அப்படித்தானே" என்றார் இவர்.
இலியாஸ் சிரித்துவிட்டு
சிரித்திருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தான்.

ஷிப்ட் முடிந்து வருகிறவரின் கை
இன்னும் திரும்பிப் பார்க்காமல்
பின்னால் காற்றைத் தள்ளிவிட்டுப் போகிறது.
கழற்றிய தாழ்ப்பாள்கள் இரண்டும்
என் பொத்தான் டப்பாவில்.
கொக்கி தேடும்போது
விரலில் அதுதான் முதலில் அகப்படும்.

நேற்று அவருக்கு ஓய்வுநாள்,
சாயங்காலமே சண்டை.
எதற்கென்று இப்போது சரியாக நினைவில்லை,
கேஸ் புக் பண்ணாததில் தொடங்கியது.
இருவரும் எழுந்து
அவரவர் பக்கம் போனோம்.
சாத்த ஒன்றுமில்லை.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
நான் பள்ளிச் சீருடை ஆறு பாவாடை
ஒரே மூச்சில் ஓட்டினேன்.
பதினோரு மணிக்குப் பாபின் தீர்ந்து
மிஷின் நின்றது.

"முடிஞ்சுதா?"
உள்ளேயிருந்து அவர் குரல்.
கேட்காத மாதிரி இருக்கலாம்.
அதற்குக் கதவு வேண்டும்.